ஹீட்டர் அணைந்திருந்த ஞாயிறு

மின்சாரம் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மடிக்கணினியின் பற்றரியில் இருபத்தொரு வீதம் மிச்சம். வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் மாடிவீட்டின் நான்காம் தளத்தில், கடற்பக்க ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வியர்த்த முழங்கை மேசையில் ஒட்ட, நான் ஒரு வரைபைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழகான வரைபு. புள்ளிகள் ஒன்றுகூட விலகாமல் மெல்ல வளைந்து மேலே ஏறின. எங்கள் துறையில் யாருக்காவது அப்படி ஒரு வளைகோடு கிடைத்தால், நாற்காலியை விட்டு எழுந்து நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

ஏனென்றால், கிடையச்சில் அயன்களின் வேகம் இருக்க வேண்டிய இடத்தில் நான் நேரத்தைப் போட்டிருந்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஃபஸ்மிலின் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டோடு சேர்த்துக் கொடுக்கவேண்டிய மூலத் தரவுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். கோப்புகளில் பதிவாகியிருந்த நேரங்கள் சரியா என்று பார்ப்பதற்காக அப்படி வரைந்தேன், அவ்வளவுதான்.

வேகத்துக்கு எதிராக வரைந்தபோது கிடைத்த வளைகோட்டை நாங்கள் ஏற்கெனவே கட்டுரையாக வெளியிட்டிருந்தோம். மூன்று பேர் எழுதிய கட்டுரை: வெளிநாட்டுப் பேராசிரியர், நான், ஃபஸ்மில். நேரத்துக்கு எதிராக வரைந்த இந்தக் கோடு அதைவிட ஒழுங்காக இருந்தது.

இன்னும் பதினாறு நாளில் ஃபஸ்மிலுக்கு வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழிச் சோதனை.

(ஃபஸ்மில் என்பது அவருடைய உண்மையான பெயர் அல்ல. இந்த வாரம் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க அக்கா. பேர மட்டும் மாத்துங்க, உம்மா இந்தப் பத்திரிகைய விடாம வாசிக்கிறவ" என்றார்.)

தென்னந்தோட்டத்து வரிசை

வெளிநாட்டு ஆய்வுகூடத்தைப் பற்றி நான் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் என்னோடு படித்த தோழி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். "குளிர், பாண், பஸ் எல்லாம் சரி ரொஸ்லின். நீ அங்க என்னதான் செய்தனீ?"

நியாயமான கேள்வி. அதைச் சொல்லாமல் இந்தக் கதையையும் சொல்ல முடியாது.

பளிங்கு என்பது அணுக்கள் வரிசை தவறாமல் நிற்கும் தோட்டம். சிலாபத்துக்கு ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு தென்னந்தோட்டத்தைக் கடக்கும்போது மரங்கள் முதலில் கலைந்து கிடப்பதுபோல் தெரியும். திடீரென்று ஒரு கணம் எல்லாம் நேராகி, மறுகோடி வரை வழி திறக்கும். அடுத்த கணம் மூடிக்கொள்ளும். பளிங்கிலும் அப்படித் திறக்கும் திசைகள் இருக்கின்றன.

இலத்திரன் ஒன்றை இழந்து நேர் ஏற்றம் பெற்ற அணுவை அயன் என்கிறோம். அதை மிகுந்த வேகத்தில் பளிங்கை நோக்கி நேரே விட்டால் உள்ளே போய்ப் புதைந்துவிடும். ஆனால் அந்தத் திறந்த திசை பார்த்து, மேற்பரப்பை உரசினாற்போல், ஒரு பாகைச் சரிவில் விட்டுப் பாருங்கள். அது எந்த அணுவிலும் மோதாது. வரிசையில் உள்ள நூற்றுக்கணக்கான அணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, மெல்ல மேலெழும்பி வெளியே போய்விடும். அவ்வளவு வேகமான ஒன்றை அவ்வளவு மென்மையாகத் திருப்பி அனுப்ப முடியும் என்பதை முதன்முதலில் திரையில் பார்த்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எந்தக் கோணத்தில் எழும்புகிறது, எவ்வளவு சக்தியை இழக்கிறது, போகிற போக்கில் எத்தனை இலத்திரன்களைப் பிடுங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதுதான் எங்கள் வேலை.

நாங்கள் வைத்திருந்த பளிங்கு இலிதியம் புளோரைட்டு. அம்மாவுக்கு விளங்கட்டும் என்று "ஒரு வகை உப்பு" என்று சொல்லியிருந்தேன். "உப்புக்கு ஏன் பிள்ளை அவ்வளவு தூரம் போறாய்? புத்தளத்தில இல்லாத உப்பா?" என்று கேட்டார்.

இந்த உப்பில் ஒரு தொல்லை உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தாது. அயன்கள் கொண்டுவரும் ஏற்றம் வெளியேற வழியில்லாமல் மேற்பரப்பிலேயே தேங்கும். தேங்கிய ஏற்றம் பின்னால் வரும் அயன்களை எட்டத் தள்ளும். பிறகு நீங்கள் அளப்பது பளிங்கின் குணத்தை அல்ல, தேங்கிய ஏற்றத்தை. இதைத் தவிர்க்கத்தான் பளிங்கை முந்நூறு பாகை வரை சூடாக்குவோம். அந்தச் சூட்டில் ஏற்றம் கசிந்து போய்விடும்.

ஆனால் ஹீட்டரில் ஓடும் மின்னோட்டம் நாங்கள் எண்ணும் இலத்திரன்களைத் திசைதிருப்பிவிடும். அதனால் பத்து நிமிடம் ஹீட்டரை அணைத்துவிட்டு அளப்போம். பிறகு போட்டுச் சூடேற்றுவோம். மறுபடி அணைத்து அளப்போம். பழைய ஆய்வுகூடம். ஹீட்டரைப் போடுவதும் அணைப்பதும் கையால். வெப்பநிலையைக் கொப்பியில் எழுதுவதும் கையால்.

வேகம் குறையக் குறைய அயன்கள் கணக்குக்கு மேலாக எழும்புகின்றன என்பதுதான் எங்கள் கண்டுபிடிப்பு. ஏன் அப்படி என்று விளக்க ஃபஸ்மில் மூன்று வருடம் உழைத்தார். அவருடைய ஆய்வேட்டின் ஐந்து அத்தியாயங்களில் மூன்று அதைப் பற்றியவை.

ஒன்பது வீதம்

இப்போது அந்த மத்தியானத்துக்குத் திரும்புகிறேன்.

அளவீட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கணினி வேகமான அயன்களில் தொடங்கி, படிப்படியாக மெதுவானவற்றுக்கு வந்திருந்தது. அப்படியென்றால் மெதுவான அயன்கள் எல்லாம் பிந்தி வந்த அயன்கள். வேகம் குறைந்ததால் கூட எழும்பினவா, பிந்தி வந்ததால் கூட எழும்பினவா? ஹீட்டர் ஒழுங்காகப் போட்டு அணைக்கப்பட்டிருந்தால் பிந்தியதால் ஒன்றும் ஆகியிருக்காது. அணைந்தே கிடந்திருந்தால், பளிங்கு ஆற ஆற, ஏற்றம் தேங்கத் தேங்க, இதே வளைகோடுதான் வரும்.

கொப்பியின் படத்தைத் திறந்தேன். வெப்பநிலை நிரலில் என் கையெழுத்து. முந்நூறு. முந்நூறு. முந்நூறு. ஒரு கணம் மூச்சு வந்தது.

பிறகு அந்த எழுத்துக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிய எண்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. பேனை மாறும், கை மாறும், அவசரம் தெரியும். இவை இருபது எண்களும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக நேராக இறங்கின. ஒரே இருப்பில் எழுதப்பட்டவை.

எந்த நாள் என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை. மேலே நானே எழுதியிருந்தேன்: ஞாயிறு.

இன்னொரு சாட்சி இருந்தது. வெற்றிடக் கலத்தின் அமுக்கத்தை ஒரு கருவி தானாகவே பதிந்துகொண்டிருக்கும். ஹீட்டரைப் போட்டால் அமுக்கம் கொஞ்சம் ஏறும், அணைத்தால் இறங்கும். அந்தக் கோப்பில் மேடு பள்ளம் இருந்தால் நான் தப்பினேன்.

பற்றரி ஒன்பது வீதத்துக்கு வந்திருந்தது. கோப்பு பெரியது. திறந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்தது.

மின்சாரம் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். அந்த வருடம் கொழும்பில் எல்லாரும் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தே சோறு சமைத்தோம், உடுப்புத் தோய்த்தோம். நான் எழுந்து ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினேன்.

அந்த ஞாயிறு

மூன்று வருடத்துக்கு முன், உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு அந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இயந்திரம் சும்மா இருக்கக் கூடாது. பண்டிகை தனக்கு இல்லை என்று ஃபஸ்மில் வேலைக்கு வரச் சம்மதித்தார். அப்போது அவர் முதுமாணி மாணவர், கொழும்பில் என் வகுப்பில் இருந்து அங்கே வந்தவர். நானும் வருகிறேன் என்றேன். முதல் நாள் இரவே பூசைக்குப் போய்விட்டிருந்தேன்.

காலை ஆறு மணிக்கு அளவீட்டைத் தொடங்கினோம். நான் ஹீட்டரை அணைத்தேன். கணினி எண்ணத் தொடங்கியது. அப்போதுதான் ஃபஸ்மில் கையில் போனோடு உள்ளே வந்தார்.

"அக்கா, உங்கட அம்மா எந்தச் சேர்ச்சுக்குப் போறவ?"

அதை அவர் கேட்ட விதத்திலேயே நான் என் போனைத் தேடினேன்.

அன்று கொழும்பில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் வீடு கொட்டாஞ்சேனையில். அம்மா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். போன் மணி அடிக்கும், எடுக்க ஆள் இல்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை. அயலவர்களுக்கும் எடுபடவில்லை. என் போனில் நான் எடுக்க, ஃபஸ்மில் தன் போனில் மாறி மாறி எடுத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்துக் கதிரையில், அதே எண்ணை, திரும்பத் திரும்ப.

ஐந்து மணி நேரம்.

அம்மா பத்திரமாக இருந்தார். முழங்கால் வலியென்று அன்று பூசைக்குப் போகவில்லை. போனை அறையில் விட்டுவிட்டு, கீழ்வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்களோடு இருந்திருக்கிறார். அந்தக் கீழ்வீட்டில் இருவர் திரும்பி வரவில்லை. அவர்களைப் பற்றி வேறொரு வாரம் எழுதுவேனோ தெரியாது.

அன்று பின்னேரம் கொப்பியைப் பார்த்தேன். வெப்பநிலை நிரல் வெறுமையாக இருந்தது. கணினி தன்பாட்டில் பட்டியலை முடித்திருந்தது. எனக்குத் தலை வேலை செய்யவில்லை. மேலே இருந்த முந்நூறைப் பார்த்து, அதையே கீழே வரை எழுதி நிரப்பினேன். ஏமாற்ற வேண்டும் என்று எழுதவில்லை. வெற்று இடத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் பார்க்காத எண்ணை எழுதினேன். அதற்கு வேறு பெயர் இல்லை.

பின்னர் அந்த நாளின் தரவுதான் மிகச் சுத்தமானதாகத் தெரிந்தது. மற்ற நாட்களில் அதே விளைவு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்தது. பளிங்கு அந்த மற்ற நாட்களில் சரியாகத் தயாராகவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று பேராசிரியர் என்னிடம் கேட்கவில்லை. அந்த நாளைப் பற்றி யாருமே என்னிடம் எதையும் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு இரக்கம்.

மேடும் இல்லை, பள்ளமும் இல்லை

மூன்றரைக்கு மின்விசிறி சுழன்றது. அமுக்கக் கோப்பைத் திறந்தேன்.

சனிக்கிழமைக் கோடு சீப்புப் பல்லுப்போல் ஏறி இறங்கியது. ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று தாண்டும்வரை ஒரே சரிவு. ஒரு மேடுகூட இல்லை.

சிவா வேலையால் வந்தபோது நான் விளக்குப் போடாமல் இருந்தேன். என் கணவர் பருத்தித்துறைக்காரர். எதையும் அமைதியாகப் பிரித்துப் பார்ப்பவர். முழுவதையும் கேட்டார்.

"வைவா எப்ப?"

"பதினாறு நாள்."

"அவருக்கு வெளிநாட்டில கிடைச்ச வேலை எப்ப தொடங்குது?"

"ரெண்டு மாசத்தில. பட்டம் கையில இருந்தாத்தான் குடுப்பினம்."

"அப்ப வைவா முடியட்டும். பிறகு ஆறுதலா எழுதித் திருத்துங்கோ. ஆரும் சாகப்போறதில்லைத்தானே, ரொஸ்லின்."

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை அதிகம் குழப்பியது. மூன்று நாள் நான் அந்த வார்த்தைக்குள் ஒளிந்திருந்தேன். வைவா முடியட்டும். பிறகு. வகுப்புக்குப் போனேன், வினாத்தாள் திருத்தினேன், காலி வீதியில் மரக்கறி வாங்கிய இடத்தில் மிச்சக் காசை விட்டுவிட்டு வந்ததால், கடைக்காரர் "மிஸ், மிஸ்" என்று பின்னால் ஓடி வரவேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் ஃபஸ்மில் போன் எடுத்தார்.

"அக்கா, ஒரு சின்ன விசயம். மூணாம் அத்தியாயத்தில கேள்வி வந்தா, அந்த ஞாயிறு அளந்த ரன்ன மட்டும் காட்டினாப் போதும்தானே? அதுதான் நல்லாத் தெளிவா ஈக்கிது."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லியிருக்கிறேன்.

"வைவா முடிஞ்ச சந்தோசத்துக்கு வட்டிலப்பம் காய்ச்சிக் குடுக்க உம்மா இப்பவே ஆள் கணக்கெடுக்கிறா. உங்கட வீட்டில எல்லாரும் வரணும், அம்மாவையும் கூட்டிட்டு" என்று சிரித்தார்.

போனை வைத்தேன். வைவாவில் ஐந்து பேருக்கு முன்னால் அவர் எழுந்து நின்று, நான் பொய்யாக நிரப்பிய நிரலை நம்பி, அந்த வரைபைக் காட்டப்போகிறார். நான் அதே அறையில் உட்கார்ந்து தலையாட்டப்போகிறேன். பிறகு, பட்டம் கிடைத்தபின், அவருக்கு நான் இதைச் சொல்லப்போகிறேனா? சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஒரு வாழ்நாள் தள்ளிப்போடுவேன்.

பாமன்கடைக்கு நடந்து

அடுத்த நாள் சனிக்கிழமை. பெற்றோல் வரிசைகள் நீண்டிருந்த காலம். முச்சக்கர வண்டி கிடைக்கவில்லை. மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஃபஸ்மில் வீட்டுக்கு நடந்தேன். அரை மணி நேர நடை. வழியில் இரண்டு தடவை நின்றேன். ஒரு தடவை, திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்து, கொஞ்சத் தூரம் திரும்பியும் நடந்தேன்.

கதவைத் திறந்த ஃபஸ்மிலின் உம்மா என் முகத்தைப் பார்த்ததும் "என்ன மகள், வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று பதறி, தோடம்பழச் சாறு கரைக்கக் குசினிக்குப் போனார். வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்.

முன்னறையில் ஃபஸ்மிலுக்கு எதிரே உட்கார்ந்து, முதலில் நேரத்துக்கு எதிரான வரைபைக் காட்டினேன். அடுத்து அமுக்கக் கோட்டைக் காட்டினேன்.

கெட்டிக்காரர். விளக்கத் தேவையிருக்கவில்லை.

"ஹீட்டர் ஓஃப்ல இருந்தீக்கிது."

"ஓம்."

"முழு ரன்னும்."

"ஓம். கொப்பியில முந்நூறு எண்டு எழுதினது நான். மீற்றரைப் பாக்காம எழுதினனான். பின்னேரம், எல்லாம் முடிஞ்சாப்பிறகு, சும்மா நிரப்பினனான்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உம்மா சாற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போனார்.

"மூணு வருசம் அக்கா," என்றார். "மூணு வருசம் நான் இல்லாத ஒண்டுக்குத் தியரி எழுதியிருக்கிறன். எத்தின தரம் கணக்குச் சரி வரல்ல. ராத்திரி பகலா மாத்தி மாத்திப் பாத்து, ஒரு மாதிரி வளைச்சுக் கொண்டுவந்து சேத்தன். சேந்திருக்கவே கூடாது!"

"தெரியும். பிழை என்ர. பேராசிரியருக்கும் சோதனையாளர்களுக்கும் நானே எழுதுறன். உங்களுக்கு இதில ஒரு பங்கும் இல்லை எண்டு எழுதுறன்."

அவர் திரும்பினார். நான் கோபத்தை எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது வேறு.

"அப்பிடி எழுத ஏலாது அக்கா. எனக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஹீட்டர ஒருத்தரும் போடல்ல எண்டு. நான் உங்களுக்குப் பக்கத்திலதானே இருந்தன். ஐஞ்சு மணித்தியாலம் ரெண்டு பேரும் கதிரைய விட்டு எழும்பினதே கொறவு. அடுத்த கிழமை கொப்பியில முந்நூறு எண்டு கண்டன். சிலநேரம் நான் பாத்ரூம் போன நேரம் நீங்க போட்டிருப்பீங்க எண்டு நெனச்சன். அப்பிடி நெனக்க விருப்பமா இருந்திச்சு. கேட்டிருக்கலாம். ஒரு கேள்விதான்."

"ஏன் கேக்கேல்ல?"

அவர் கதிரையில் வந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"நீங்க கொட்டாஞ்சேன. நான் சோனகன், குண்டு வெச்சவங்களும் முஸ்லிம் பேர்காரங்க. அந்த நாளைப் பத்தி உங்களிட்ட நான் எந்த வாயால கேக்கிறது? 'அக்கா, அண்டைக்கு நீங்க வேலையச் சரியாச் செஞ்சீங்களா' எண்டு?"

நான் மடிக்கணினியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

எப்படி முடிந்தது

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்றே இருவரும் சேர்ந்து பேராசிரியருக்குக் கடிதம் எழுதினோம். நான் எழுதியதை அவர் வெட்டினார், அவர் எழுதியதை நான் வெட்டினேன். யார் பிழையைத் தன் தலையில் கூடப் போட்டுக்கொள்வது என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினோம்.

பதில் வர நாலு நாள் எடுத்தது. அந்த நாலு நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. பேராசிரியர் திட்டவில்லை. கட்டுரையை மீளப் பெறவேண்டும் என்று எழுதினார். அந்த ஞாயிறைப் பற்றித் தானும் கேட்டிருக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. பிறகு இரண்டு வருடம் அவர் என்னை எந்த வேலைக்கும் அழைக்கவில்லை. அதில் எனக்குக் குறை சொல்ல இடமில்லை.

வைவா தள்ளிப்போனது. வெளிநாட்டு வேலை வேறொருவருக்குப் போனது. ஃபஸ்மில் மூன்று அத்தியாயங்களை எடுத்து வீசிவிட்டு, பதின்மூன்று மாதம் புதிதாக எழுதினார். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் நிலையத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தார். பட்டம் கிடைத்தது. இப்போது முன்னதைவிடச் சின்ன ஓர் ஊரில், சின்ன ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கிறார். ஹீட்டரை அங்கேயும் கையால்தான் போடவேண்டுமாம்.

வட்டிலப்பம் பதின்மூன்று மாதம் பிந்திக் கிடைத்தது. அம்மாவும் வந்தார்.

பின்னேரம் கேட்ட கேள்வி

ஆனால் கடிதம் அனுப்பிய அந்தச் சனிக்கிழமைப் பின்னேரத்தில் நடந்த இன்னொன்றை எழுதாமல் விட்டால், நான் இந்த வாரம் எழுதியதில் அர்த்தம் இல்லை.

மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தவள், திரும்ப உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் நான் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்.

"அண்டைக்கு உங்கட வீட்டுக்கு எப்ப கோல் எடுத்தீங்க, ஃபஸ்மில்?"

"பின்னேரம்தான். உங்கட அம்மா கிடைச்சதுக்குப் பொறகு."

"வாப்பா என்ன சொன்னார்?"

"அங்க ஒத்தரோடயும் வாய் குடுக்காத, அந்தக் கொட்டாஞ்சேன மிஸ்ஸுட கண்ணில படாம இரி எண்டார். காலையிலேந்து அவங்களுக்குப் பக்கத்திலதான் ஈக்கிறன் எண்டு நான் வாப்பாட்ட செல்லல்ல. பயந்திருவார்."

"பிறகு? இஞ்ச வீட்டில?"

அவர் சொன்னார். பல வருடமாக உம்மாவைச் சந்தைக்குக் கூட்டிப்போன முச்சக்கர வண்டிக்காரர் நிறுத்தாமல் போனதைச் சொன்னார். தங்கச்சி மூன்று மாதம் வகுப்புக்குப் போகாமல் இருந்ததைச் சொன்னார். அடுத்த வாரம் தெருவில் எல்லா வீடுகளையும் இராணுவத்தினர் சோதித்தார்கள். ஃபஸ்மில் வீட்டில், பல்கலைக்கழகத்தில் என் வகுப்பில் அவர் எடுத்த குறிப்புக் கொப்பிகள் அலுமாரியில் இருந்தன. பக்கம் பக்கமாகப் புள்ளி வரிசைகள். அவற்றை நோக்கிச் சரிந்து வரும் அம்புக்குறிகள். கோணங்கள், வேகங்கள்.

"இது என்ன பிளான் எண்டு கேட்டிருக்காங்க. வாப்பாக்கு என்ன தெரியும்? எனக்குக் கோல் எடுத்து, போன அவங்கட கையில குடுத்திட்டார். நான் கொரிடோர்ல நிண்டு சிங்களத்தில விளங்கப்படுத்தினன். பளிங்கு மாத்தயா, அணு மாத்தயா, இது பாடம் மாத்தயா எண்டு. அரை மணித்தியாலம். நல்ல மனிசன், கடைசியில கொப்பியத் திருப்பிக் குடுத்திட்டுப் போயிட்டார்."

"எந்த நாள் அது?"

"அந்த ஞாயிறுக்கு அடுத்து வந்த வியாழன்."

எனக்கு அந்த வியாழக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. அளவீடு ஓடிக்கொண்டிருந்தது, ஃபஸ்மிலைக் காணவில்லை. அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்தவரிடம், இயந்திரத்தை விட்டுவிட்டு எங்கே போய் நிற்கிறீர்கள், உங்களுக்குப் பொறுப்பு இல்லையா என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டேன்.

அவர் "சொறி அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் கதிரையில் உட்கார்ந்து, எண்ணத் தொடங்கினார்.